மாமா திருத்திய தேதி

போன வாரத்துக்கு முந்தின வாரம் என் மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

சொத்துத் தகராறு இல்லை. குழம்பில் உப்பு கூடிப்போனதும் இல்லை. எல்லாம் ஒரு லேப்டாப்பின் தேதியால் வந்தது. திரையின் மூலையில் சின்னதாகத் தெரியுமே... அதேதான்.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் பலர் டவுனுக்கு வந்தால் அவர் கடையில் மூட்டை வாங்காமல் திரும்ப மாட்டார்கள். கடைக்குப் பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவே மூட்டை அடுக்குகிற ஓர் அறை. அந்த அறையின் மூலையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, தவிட்டு வாசத்துக்கு நடுவே, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு நான் வேலை பார்க்கிறேன்.

என்ன வேலை? கம்ப்யூட்டருக்குள் கர்னல் என்று ஒன்று உண்டு. திரையில் அதைப் பார்க்க முடியாது. ஆனால் கீபோர்டு, டிஸ்க், ஸ்பீக்கர், பேட்டரி என்று அத்தனையையும் கட்டி மேய்ப்பது அதுதான். அதில் என் பங்கு ரொம்பச் சின்னது. லேப்டாப்பைத் தூங்க வைப்பது, தூங்கியதை எழுப்புவது.

பெண் பார்க்க வந்த அன்று இதைத்தான் சொன்னேன். என் கணவர் சரவணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுக்குச் சம்பளம் குடுக்காகளா?" என்று கேட்டார்.

குடுக்காக. ஏனென்றால் தூங்க வைப்பது சுலபம், எழுப்புவதுதான் பெரும்பாடு. பிள்ளை வளர்த்தவர்கள் 'எங்கள் வீட்டில் நேர்மாறு' என்பீர்கள். கம்ப்யூட்டரில் இப்படித்தான். உள்ளே இருக்கிற சாமான்களை ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தப்பாமல் எழுப்ப வேண்டும். ஒன்று எழாமல் அடம்பிடித்தால் பின்னால் இருப்பதெல்லாம் அதற்காகக் காத்துக்கொண்டே நிற்கும். வெளியே இருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது வெறும் கறுப்புத் திரை. எந்தப் பட்டனைத் தட்டினாலும் பதில் இருக்காது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, அணைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சேமிக்காமல் வைத்திருந்த வேலை எல்லாம் போனது போனதுதான்.

எங்கள் கம்பெனி கர்னல் ஓடுகிற ஒரு புது லேப்டாப்புக்கு இந்த வியாதி வந்தது. வாங்கியவர்களிடமிருந்து புகார் மேல் புகார். ஆனால் பெங்களூர் ஆபீஸில் எத்தனை தடவை மூடித் திறந்தாலும் அது எழுந்துகொண்டது. சோதனைக்கு ஒன்றை எனக்கும் அனுப்பி வைத்தார்கள். மேஜையில் வைத்தேன், மூடினேன், சாப்பிடப் போனேன். வந்து திறந்தால்... கறுப்பு.

நம்புங்கள், எங்கள் தொழிலில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஊருக்கெல்லாம் போக்குக் காட்டிய வியாதி என் மேஜைக்கு வந்து மாட்டிக்கொண்டதே!

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைகூட நிலைக்கவில்லை. உட்கார்ந்தபடியே மூடி மூடித் திறந்தேன். சமர்த்தாக எழுந்தது. தானாகத் தூங்கித் தானாக எழும்படி ஒரு புரோகிராம் எழுதி ஓட விட்டுவிட்டு, பக்கத்திலேயே காவல் இருந்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. மறுநாள் மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்தால், கறுப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் எழுகிறது, சாப்பிடப் போனால் செத்துப்போகிறது. இதை மேனேஜரிடம் எந்த வாயால் சொல்வது?

சொன்னேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. நன்றாகத் தமிழ் பேசுவார், யாரையும் அதட்ட மாட்டார். அன்றும் அதட்டவில்லை.

"இங்க ஒரு தடவைகூட வரலைங்க. உங்க ஊரு வெயிலோ, தூசியோ, வோல்டேஜோ... ஏதோ ஒண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள பாருங்க. பிடிபடலைன்னா லேப்டாப்பை எடுத்துக்கிட்டு நீங்களும் இங்கயே வந்துடுங்க. வீட்ல இருந்து வேலைங்கிறதையே மேல கேள்வி கேட்கிறாங்க."

'வந்துடுங்க' என்றால் ஒரு வாரத்துக்கு இல்லை. மொத்தமாக.

கல்யாணமான புதிதில் நான் பெங்களூரில், சரவணன் இங்கே. வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவேன். அருப்புக்கோட்டையில் இறங்கும்போது தூக்கம் கண்ணைச் சொக்கும். பேச வேண்டும் என்று வாரம் முழுக்க நினைத்து வைத்ததெல்லாம் அந்தத் தூக்கத்தில் போய்விடும். முழித்துப் பேச ஆரம்பிக்கும்போது திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கடையை விட்டு அவரால் வர முடியாது, வேலையை விட எனக்கு மனசில்லை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கியதுதான் இந்த மூட்டை அறை மேஜை. அது போய்விடுமோ என்று பயந்தேன். நன்றாகவே பயந்தேன்.

இந்த மாதிரி நேரத்துக்கு என்று எங்களிடம் கடைசி ஆயுதம் ஒன்று இருக்கிறது.

எழும்போது செத்துப்போகிற கம்ப்யூட்டர், தான் எங்கே செத்தேன் என்பதை எழுதி வைக்க இடம் இல்லை. திரை இருட்டு. டிஸ்க் இன்னும் தூக்கம். நினைவில் வைத்தால், அணைத்துப் போடும்போது அதுவும் அழிந்துவிடும். அப்புறம் எதில் எழுதுவது? எல்லாம் போனாலும் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றே ஒன்று உள்ளே உண்டு. அதுதான் கடிகாரம். ஒவ்வொரு சாமானையும் எழுப்பும் முன்னால், அதற்கான ஓர் அடையாளத்தைக் கடிகாரத்தில் தேதியாக எழுதச் சொல்லிவிடுவோம். செத்துப் பிழைத்ததும் தேதி ஏடாகூடமாக இருக்கும். என்றைக்கோ உள்ள ஒரு மாசம், ஏதோ ஒரு வருஷம். ஆனால் அந்தத் தப்பான தேதியைப் பிரித்துப் படித்தால், எதை எழுப்பும்போது உயிர் போனது என்று தெரிந்துவிடும். ஒரே நிபந்தனை, உடனே படிக்க வேண்டும். வேறு யாரும் தேதியில் கை வைக்கக் கூடாது.

இன்டர்நெட் தானாகத் தேதியைத் திருத்துகிற வசதியைக்கூட அணைத்து வைத்தேன். மாமா இருப்பது என் கணக்கில் வரவில்லை.

மாமாவுக்கும் தேதிக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாது. எங்கள் கடையில் தினசரிக் காலண்டரை அவர் மட்டும்தான் கிழிப்பார். விடிந்து முகம் கழுவியதும் முதல் வேலை அது. அவர் வெளியூர் போனால் காலண்டர் பழைய தேதியிலேயே நிற்கும், சரவணன்கூடத் தொட மாட்டார். ஒரு தடவை கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் தேதி பின்னால் போய்விட்டது. காலை முழுக்க என்றைக்கோ உள்ள தேதியில் பில் போயிருக்கிறது. வரிக் கணக்கு பார்க்கிறவர் வந்து ஒரு பாடு திட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்தத் திரையைப் பார்த்தாலும் மாமாவின் கண் நேராக மூலைக்குத்தான் போகும். தேதியை எப்படித் திருத்துவது என்பதையும் அன்றே கற்றுக்கொண்டுவிட்டார். படு வேகமாகத் திருத்துவார்.

அன்று சாப்பிட்டு வந்து திறந்தேன். கறுப்பு. சபாஷ்! அணைத்தேன், மறுபடி போட்டேன். முதலில் வழக்கமான கர்னல்தான் ஏறும், அதிலிருந்து சோதனைக் கர்னலுக்கு மாற வேண்டும். தேதியைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தது அதுதான். மாறப்போகிற நேரம் பார்த்து மேனேஜர் போன். மூட்டை அறைக்குள் சிக்னல் வராது. வாசலுக்கு ஓடி, "இதோ பிடிச்சிட்டேன், கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டுத் திரும்பினேன். தேதி சரியாக இருந்தது. அன்றைய தேதி, அன்றைய நேரம். ஆயுதம் வேலை செய்யவில்லை போல என்று நொந்துகொண்டேன்.

மறுநாளும் அதே கதை. திரும்பவும் போன், திரும்பவும் வாசல். ஆனால் இந்தத் தடவை உள்ளே வந்தபோது மாமா மேஜைக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். தவிட்டு மூட்டை எடுக்க வந்தவர்.

"தேதி கண்டமேனிக்குக் கெடந்துச்சும்மா. நேத்தும் இப்பிடித்தேன். சரி பண்ணிவிட்டேன்" என்றார். முகத்தில் அத்தனை பெருமை.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"யாரு மாமா உங்கள மாத்தச் சொன்னா? இதப் பிடிக்கத்தான இந்தப் பாடு படுறேன்! இனிமே இந்த மேசையில ஒண்ணத்தையும் தொடாதீங்க!"

கத்திய பிறகுதான் பார்த்தேன், வாசலில் திருச்சுழிக்காரர் ஒருவர் புண்ணாக்குக்காக நின்றிருந்தார். காதில் விழாத மாதிரி, ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தார். மாமா "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். மூட்டையைத் தூக்காமலே போனார்.

அதோடு அவர் அந்த அறைக்குள் வருவது நின்றது. மூட்டை வேண்டும் என்றால் சரவணனை அனுப்பினார். சரவணன் மூட்டையைத் தோளில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "என்னத்தச் சொல்லித் தொலச்ச? அப்பா வாயவே தொறக்கமாட்டேங்காக" என்று முணுமுணுப்பார். சாப்பாட்டு நேரத்தில் மாமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். எனக்கு உள்ளூர உறுத்தியது. ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறதே? லேப்டாப் முதலில், மாமா அப்புறம் என்று இருந்தேன்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். மாமா வருவது நின்றதும் வியாதியும் நின்றுவிட்டது!

மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன், எழுந்தது. குளிக்கப் போனேன், எழுந்தது. துணி காயப்போட்டு வந்து திறந்தால், "என்ன வேணும்?" என்கிற மாதிரி பளிச்சென்று நின்றது. நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தானாகப் போன வியாதி தானாகத் திரும்பி வரும், அதுவும் நான் பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகு வரும். "சரியாயிடுச்சு" என்று மேனேஜரிடம் பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

வியாழக்கிழமை சாப்பிட்டுவிட்டு அறைக்குள் நுழைந்தேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் என்ன என்கிறீர்களா? எங்கள் வீட்டில், ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடியதாகச் சரித்திரமே கிடையாது. மாமா விட மாட்டார். போகிற போக்கில் சுவிட்ச் போர்டைக் கையால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் போவார். லைட்டு, ஃபேன், பிளக்கு, எல்லாம் ஒரே தடவலில் அணைந்துவிடும். திரும்பி வந்து, யோசிக்காமல் அத்தனையையும் தட்டிப் போட்டுக்கொள்வது இந்த வீட்டு மருமகளான எனக்கும் கை வழக்கமாகிவிட்டது.

பிளக்கு! லேப்டாப்பின் சார்ஜர் செருகியிருப்பது அதில்தான்.

நான் மூடிவிட்டுச் சாப்பிடப் போவேன். மூட்டை எடுக்க வருகிற மாமா சுவிட்சை அணைப்பார். தூங்கிக்கொண்டிருக்கிற லேப்டாப்புக்கு, தூக்கத்திலேயே கரண்ட் போய்விடும். உட்கார்ந்து நான் பண்ணிய சோதனை எதிலும் கரண்ட் போகவில்லை. கரண்ட் போனாலும் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. பெங்களூர் ஆபீஸில்? அங்கே ராப்பகலாக எல்லாம் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்க யாருக்கு அக்கறை?

லேப்டாப்பை மூடினேன். சுவிட்சை அணைத்தேன். திறந்தேன்.

கறுப்பு. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுபடி உயிர் கொடுத்தேன். தேதி அதே கண்டமேனிக்கு நின்றது. திருத்த ஆள் வரவில்லை. பிரித்துப் படித்தேன். பேட்டரி! விஷயம் இவ்வளவுதான். தூக்கத்தில் கரண்ட் போன செய்தி, எழுந்த உடனே பேட்டரியைக் கவனிக்கிற பகுதிக்கு வந்துவிடுகிறது. அது உடனே 'எவ்வளவு சார்ஜ் இருக்கிறது?' என்று பேட்டரியைக் கேட்கிறது. ஆனால் பேட்டரியோடு பேசுவதற்கான வழி அதற்கு அப்புறம்தான் எழும். கடை ஷட்டரைத் திறக்கும் முன்பே ஒருவர் புண்ணாக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் நகர மாட்டேன் என்று நின்றால் எப்படி? அவரைத் தாண்டிப் போய் ஷட்டரைத் திறக்கவும் முடியாது. அதே கதைதான். கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிச் சில வரிகள் எழுதினேன். சுவிட்சை அணைத்து அணைத்துத் திறந்தேன். எழுந்தது.

இத்தோடு அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. கடைக்குப் போனேன். மாமா தராசில் பருத்திக்கொட்டை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு ஒத்தாச வேணும்."

"சொல்லு." கண் தராசிலேயே இருந்தது.

"எப்பவும் போல நீங்க உள்ள வந்து சுவிட்ச எல்லாம் அமத்தணும்."

"வேண்டாந்தாயி. ஒண்ணத்தையும் தொடக்கூடாதுன்னுட்டியே."

"தப்புத்தான் மாமா. வெளியாளு முன்னால அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது. ஆனா நீங்க அமத்துனாத்தான் என் வேல முடியும்."

நிமிர்ந்து பார்த்தார். "அமத்துனா வேல முடியுமா? வெளையாடுறியா?"

"சத்தியமா மாமா. லேப்டாப்பு எதனால சாகுதுன்னு காட்டிக் குடுத்ததே நீங்கதான்."

கையில் இருந்த பருத்திக்கொட்டையைச் சாக்கில் போட்டார். பிறகு தராசை விட்டுவிட்டு எழுந்தார். "அந்த ஃபேனு ஆளில்லாம சுத்துறதப் பாத்துப் பாத்து எனக்கு நெஞ்சு அடச்சுப்போச்சு தாயி" என்றார். இத்தனை நாள் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நான் லேப்டாப்பை மூடினேன். மாமா போர்டை ஒரு தடவு தடவினார். லைட்டு, ஃபேன், பிளக்கு எல்லாம் அணைந்தன. அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம், பேசிக்கொண்டே சாப்பிட்டோம். வந்து திறந்தேன். பளிச்சென்று எழுந்தது. மாமா திரையைப் பார்த்தார். பாராட்டப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். பாவம், நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிழையைக் காட்டிக் கொடுத்தவர் பெயரையும் சோதித்துப் பார்த்தவர் பெயரையும் திருத்தத்தின் அடியில் எழுத வேண்டும். உலகம் முழுக்க அதைப் படிக்கலாம். இரண்டு இடத்திலும் வேலாயுதம் என்று மாமாவின் பெயரைப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில், அந்த லேப்டாப்பிலிருந்தே அனுப்பினேன்.

மேனேஜர் கூப்பிட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன், சுவிட்ச் உட்பட. சிரித்து முடித்துவிட்டு, "நீங்க அங்கயே இருங்க. இங்க யாரும் சுவிட்சை அணைக்கிறதில்ல" என்றார். வாசலில் நின்றபடியே சரவணனுக்குக் கையைக் காட்டினேன். அவர் தூக்கிய மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

மத்தியானம் மாமாவை அழைத்து, உலகத்துக்குப் போன அந்தத் திருத்தத்தைத் திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தன் பெயரை மெதுவாகப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தார். பிறகு கண் மேல் வரிக்குப் போனது.

"பேரு சரியா இருக்கு. தேதிதான் தப்பா இருக்கு தாயி."

பார்த்தேன். அனுப்புகிற லேப்டாப்பின் தேதிதான் திருத்தத்திலும் ஏறும். கடிகாரத்தைத் திரும்பச் சரி பண்ண மறந்தே போயிருக்கிறேன். நாங்கள் யாரும் இருந்து பார்க்கப்போகாத ஏதோ ஒரு வருஷத்துத் தேதியில் என் திருத்தம் உலகம் முழுக்கப் போய்விட்டது. அழிக்கவும் முடியாது.

"நேத்துச் சோறு தின்னுட்டு வந்து தொறந்தப்பவே பாத்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

கட்டிய கையை அவிழ்க்காமலே சொன்னார். "நீதான தொடக்கூடாதுன்ன. தொடல."

இனிமேல் எதை அனுப்பினாலும், அனுப்பும் முன் மாமாவைக் கூப்பிட்டுத் தேதியை மட்டும் காட்டிவிடுவதாக இருக்கிறேன்.